மழை நின்ற பிறகு வரும் வெள்ளம்

தெற்கு ஆப்பிரிக்காவில் உள்ள போட்ஸ்வானா நாட்டின் மவுன் நகரத்தில் ஏப்ரலோடு மழை ஓய்ந்துவிடும். அப்புறம் அக்டோபர் வரை தூறல்கூட அபூர்வம். ஆனால் ஊரை ஒட்டிய தமலாகனே ஆற்றில் புதுவெள்ளம் வருவதே ஜூன், ஜூலை வாக்கில்தான். மவுனுக்கு வடக்கே விரியும் ஒகவாங்கோ டெல்டாவுக்கு எப்போது போகலாம் என்ற கேள்விக்கு விடை இந்த முரணில்தான் இருக்கிறது.

வருவது உள்ளூர்த் தண்ணீர் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளில் இறங்குகிறது. குபாங்கோ விறுவிறுவென்று வந்துவிடும். குயிட்டோவின் வழியெல்லாம் சதுப்பும் மணலும். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். டெல்டாவின் வடமுனையில் வெள்ளம் உச்சத்தைத் தொடும்போது ஏறக்குறைய ஏப்ரல் ஆகிவிடுகிறது. அங்கிருந்து மவுன் சுமார் 250 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் நிலம் இறங்குவது ஏறத்தாழ 60 மீட்டர்தான், அதாவது 4 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். போதாததற்கு நாணலும் பாப்பிரஸ் கோரையும் வழிமறிக்கும். காய்ந்த மணல் தன் பங்கைக் குடித்த பிறகே மிச்சம் நகரும். இரண்டும் சேர்ந்த ஒகவாங்கோ ஆறு கடலுக்கே போவதில்லை. பெரும்பகுதி ஆவியாகவும் செடிகளின் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது.

சுற்றிலும் வறட்சி, நடுவில் வெள்ளம் என்பதால் விலங்குகள் டெல்டாவை நோக்கி வருகின்றன. மழைக்காலத்தில் மொபானே மரக்காட்டுக்குள் ஆங்காங்கே குட்டைகள் நிறைந்திருக்கும். யானைகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். குட்டைகள் வற்றியதும் வேறு வழியில்லை. வளர்ந்த யானை ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். செப்டம்பரில் வடக்கே சோபே ஆற்றங்கரையில் கூட்டம் கூட்டமாக யானைகள் நிற்பது இதனால்தான். இலை உதிர்ந்து புல்லும் காய்ந்துவிடுவதால் சிங்கத்தையும் எளிதில் பார்க்கலாம்.

படகில் போக ஆசை என்றால் ஜூலை, ஆகஸ்ட். விலங்குதான் முக்கியம் என்றால் செப்டம்பர், அக்டோபர். அக்டோபரில் 40 டிகிரி வெயிலைத் தாங்க வேண்டும். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி. ஆப்பிரிக்காதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் ஜூலையில் போகிறவர்கள் விடிகாலைத் திறந்த ஜீப்பில் நடுங்குவார்கள். அங்கே அது குளிர்காலம்.

மழைக்காலத்தையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். நவம்பர், டிசம்பரில் இம்பாலா மான்கள் குட்டி போடும், வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும். மக்கடிக்கடி உப்புச் சமவெளியில் புல் முளைத்ததும் வரிக்குதிரைகள் அங்கே போய்விடும். அவற்றைப் பார்க்க ஜனவரி, பிப்ரவரிதான் சரி.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வெள்ளம் எல்லா வருடமும் ஒரே அளவில் வராது. ஆறு போட்ஸ்வானாவுக்குள் நுழையும் மொஹெம்போவில் நீர்மட்டத்தை அளக்கிறார்கள். ஏப்ரலில் அங்கே உள்ள அளவை விடுதிக்காரரிடம் கேட்டால், ஜூலையில் மொக்கோரோ என்ற உள்ளூர்ப் படகு ஓடுமா என்பதை ஓரளவு கணித்துச் சொல்லிவிடுவார்.