ஆச்சி கண்ணுக்குத் தெரியும் பிள்ளைகள்

புளியரையிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அவருடைய ஆச்சிக்கு வயது 81. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, ஓரங்கள் மட்டும் தெரியும். மூன்று மாதமாகச் சாயங்காலம் ஆனால் வாசற்படியில் பட்டுப்பாவாடை கட்டிய சின்னஞ்சிறு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களாம். சத்தமே கிடையாது. பேத்தியின் முகம் தெரியாத அதே கண்ணுக்குப் பாவாடைக் கரையின் சரிகைகூடத் துல்லியமாகத் தெரிகிறது. ஆச்சி அவர்களை மிதித்துவிடாமல் சுற்றிப் போகிறார். கேட்டால், “அங்க ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும்ளா” என்கிறார். ஆரியங்காவு தாண்டி ஒரு மந்திரவாதியிடம் கூட்டிப்போக வீட்டில் ஏற்பாடு நடக்கிறது. இது பேயா, புத்தி பிசகா என்பது பேத்தியின் கேள்வி.

இரண்டும் இல்லை. இதற்குச் சார்லஸ் பொன்னே நோய்க்குறி என்று பெயர். 1760இல் ஜெனீவாவின் இயற்கை ஆய்வாளர் பொன்னே, பார்வை மங்கிய தன் தாத்தா கண்டவற்றை எழுதிவைத்தார்: ஆட்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள். தாத்தாவின் புத்தி தெளிவாகவே இருந்தது.

விழித்திரை ஒளியை மின்குறிப்பாக மாற்றும், பார்வை நரம்பின் சுமார் 10 லட்சம் இழைகள் அதை மூளையின் பின்பக்கம் சேர்க்கும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அந்த மூளைச் செல்கள் சேதி வராத நேரத்திலும் சும்மா இருப்பதில்லை என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம்.

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழும்போது அருவியின் ஓர் இடத்தையே ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பிறகு பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்புங்கள். பாறை மெல்ல மேலே ஏறும்! கீழே போகும் அசைவைக் கவனிக்கும் செல்களும் மேலே போவதைக் கவனிக்கும் செல்களும் எப்போதும் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை பாறை பாறையாக நிற்கும். அருவியைப் பார்த்துப் பார்த்து முதல் கூட்டம் களைத்ததும், மற்றதன் வழக்கமான துடிப்பே ஓங்கிவிடுகிறது.

ஆச்சிக்கு நடப்பதும் இதற்கு உறவுதான். கண்ணிலிருந்து சேதி குறைந்துபோனதால், பட்டினி கிடக்கும் செல்கள் தங்கள் கூர்மையைக் கூட்டிக்கொள்கின்றன. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டினால் இரைச்சல் பெருகுமே, அதுபோல. ஆனால் மூளையில் முகத்துக்கு ஓர் இடம், நிறத்துக்கு ஓர் இடம் என்று உண்டு. எந்த இடம் தானாகத் துடிக்கிறதோ, அதன் வேலையே காட்சியாகிவிடும். 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் இத்தகையவர்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நிறம் தெரிந்தபோது நிறத்துக்கான இடமும், முகம் தெரிந்தபோது முகத்துக்கான இடமும் விழித்திருந்தன. 2004இல் வெளியான இன்னோர் ஆய்வில், நல்ல பார்வையுள்ள 13 பேர் 5 நாள் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 10 பேருக்கு இல்லாதவை தெரிந்தன.

புளியரை இருக்கும் செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. யட்சிக் கதைகளுக்குக் குறைவில்லை. கதையாக எனக்கும் பிடிக்கும். ஆனால் 81 வயது மனுஷியைப் புகைக்கு முன்னால் உட்காரவைத்து ‘யார் நீ’ என்று அதட்டுவது கொடுமை. அந்தப் பயத்தில்தான் பலர் வெளியே சொல்வதே இல்லை. விழித்திரை ஆராய்ச்சிக்குக் கோடிகள் வேண்டும், மறுக்கவில்லை. பார்வை குறைந்தவர்களிடம் ‘இல்லாதது ஏதும் தெரியுதா?’ என்று தமிழிலும் மலையாளத்திலும் கேட்டு எழுதிவைக்கும் ஆய்வுக்கும் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

ஆச்சியிடம் முதலில் இது கண்ணால் வருவது, பைத்தியம் இல்லை என்று சொல்லுங்கள். பலருக்குப் பாதிப் பயம் அதிலேயே போய்விடும். மங்கிய வெளிச்சமும் தனிமையும் காட்சியைக் கூட்டும். சாயங்காலமே லைட்டைப் போடுங்கள். பிள்ளைகள் தெரியும்போது கண்ணை இடமும் வலமும் வேகமாக ஓட்டச் சொல்லுங்கள், சிலருக்குக் கலைந்துவிடும். குரலும் கேட்டால், அல்லது நாள், ஆள் குழம்பினால், காரணம் வேறாக இருக்கலாம். நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

கண் மருத்துவரிடம் எப்படியும் காட்ட வேண்டும். மதுரை அரவிந்த் போன்ற பெரிய மருத்துவமனைகளில் குறைபார்வைக்கென்றே பிரிவு உண்டு. பூதக்கண்ணாடி தருவார்கள், மிச்சமிருக்கும் ஓரப்பார்வையால் பார்க்கப் பழக்குவார்கள். குறைபாடு 40 சதவீதம் இருந்தால் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் எழுதிப்போடலாம்.

பழகிய பிறகு ஆச்சி உங்கள் முகத்துக்கு நேராகப் பார்க்காமல் தோளைப் பார்த்துப் பேசுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் உங்கள் முகம் அவருக்குத் தெரிகிறது.