மைலோ டின்னில் வந்த குன்றிமணி

பொங்கலுக்கு முந்திய வாரம் ஒரு தாய் மைலோ டின் ஒன்றை என் மேசையில் வைத்தார். "அறுவடைப் படம் ஒட்டப் போறோம்னு சொன்னீங்கல்ல டீச்சர், பிள்ளைங்களுக்குக் கொட்டை பொறுக்கிக் கொண்டாந்தேன்." ஒரு தட்டில் கவிழ்த்துப் பார்த்தேன். ரப்பர் கொட்டை, சாகா எனப்படும் மஞ்சாடி விதை, புளியங்கொட்டை, கொஞ்சம் பச்சைப்பயறு. அவற்றோடு கலந்து ஏழெட்டுக் குன்றிமணிகள். சிவந்த உடம்பு, மூக்கில் கறுப்பு. தட்டில் மற்ற எல்லாவற்றையும் விட அழகாக இருந்தவை அவைதாம்.

வேலியோரம் படர்ந்த கொடியில் வெடித்திருந்த காய்களிலிருந்து எடுத்தாராம். அன்போடு செய்த காரியம். ஆனால் குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஒரே ஒரு விதையை நன்றாக மென்று விழுங்கினாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து வரலாம். மேல்தோல் கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கியது சில வேளை அப்படியே வெளியேறிவிடும். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. மணி கோப்பதற்காக ஊசியால் துளை போட்டுவிட்டால் அந்தக் கெட்டித் தோலின் காவலும் போய்விடுகிறது. துளை போடும்போது ஊசி விரலில் குத்தினாலும் நஞ்சு உள்ளே போகக்கூடும்.

நம் வீடுகளில் குழப்பம் வருவதற்குக் காரணம் சாகா விதை. மஞ்சாடி என்று தமிழில் பெயர். மலேசியாவின் புரோட்டோன் சாகா காருக்கு 1985இல் பெயர் கொடுத்தது இந்த விதைதான். மஞ்சாடி பெரிய மரம்; விதை முழுக்கச் சிவப்பு. குன்றி மெல்லிய கொடி. விதையில் கறுப்புப் பொட்டு இருக்கும். கறுப்பைக் கண்டால் தொட விடாதீர்கள். சாகாவையும் பச்சையாகத் தின்னக் கூடாது. ஆமணக்கு விதைக்கும் என் வகுப்பில் இடமில்லை. அதிலுள்ள ரைசினும் அப்ரின் வகை நஞ்சுதான்.

குழந்தை எதையாவது மென்றுவிட்டது என்ற சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் விதையை ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது மலேசியாவின் அவசர எண்ணான 999க்கு அழையுங்கள். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அங்கும் ஆலோசனை கேட்கலாம். வாந்தியும் பேதியும் பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கலாம். "நல்லாத்தானே விளையாடுது" என்று வீட்டிலேயே வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில் பாலர் பள்ளி ஆசிரியை. இங்குள்ள பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். 18 ஆண்டுகளாக ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இந்த நாட்டில் முதன்முதலாக 1917இல் வணிகத்துக்காகச் செம்பனை என்ற எண்ணெய்ப்பனையை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் அறுவடைக் கைவேலை என்றால் அச்சடித்த தாளில் சிவப்புக் கொட்டகை, வைக்கோல் உருண்டை, பூசணிக்காய் என்றுதான் வந்துகொண்டிருந்தது. பிள்ளையின் தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்; அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். அந்த அறுவடை ஏன் தாளில் இல்லை என்று எனக்கு உறுத்தியது. அதனால்தான் வீட்டைச் சுற்றிக் கிடப்பதைக் கொண்டுவாருங்கள் என்று பெற்றோரிடம் கேட்க ஆரம்பித்தேன். மைலோ டின் வந்த பிறகு, எதைக் கொண்டுவரக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்த பொருள் செம்பனைப் பழம். ஒரு பழத்தை நசுக்கி வெள்ளைத் தாளில் தேய்க்கச் சொல்லுங்கள். தாள் ஆரஞ்சு நிறமாகும், எண்ணெய் ஊறிய இடத்தில் வெளிச்சமும் ஊடுருவும். ஜன்னலில் ஒட்டினால் வெயில் வரும்போது பழத்தின் நிறம் எரிகிற மாதிரி தெரியும். அதன் மேல் நீர்வண்ணம் பூசினால் எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டாமல் விலகி ஓடும். ஏன் ஒட்டவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். அரை மணி நேரப் பேச்சு அங்கிருந்து பிறக்கும்: ஒரு குலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கள் இருப்பது, குலை பழுத்ததைக் கீழே உதிர்ந்த பழத்தை வைத்துக் கண்டுபிடிப்பது, நெல் மாதிரி இல்லாமல் செம்பனைக்கு வருஷம் முழுவதும் அறுவடை நடப்பது. சட்டையில் பட்ட கறை மட்டும் லேசில் போகாது. பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்.

பழத்தை மரத்தடியில் நீங்களாகப் போய்ப் பொறுக்காதீர்கள். உதிர்ந்த பழமும் தோட்டத்தின் சொத்து. மரத்தைச் சுற்றிக் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். சொந்தமாகச் செம்பனை வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கி, கழுவிக் கொடுங்கள். களைக்கொல்லி மருந்து வந்த கேனை வெட்டிப் பூந்தொட்டி செய்வதும் வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் பின்புறத்தில் பழைய மருந்துக் கேன்கள் தண்ணீர் பிடித்து நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை கழுவியிருந்தாலும் அது பிள்ளை கைக்குப் போக வேண்டிய பொருள் அல்ல. சாயம் பூசிய விதைநெல்லும் விதைச்சோளமும் அப்படித்தான். அந்த நிறம் மருந்தின் அடையாளம்.

ரப்பர் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவர் கையில் சூடு வைத்த விளையாட்டு நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதன் பச்சைப் பருப்பிலிருந்து சயனைடு உண்டாகும். ஆகவே உடைக்க விடமாட்டேன். முழுக் கொட்டையை மட்டும், நானும் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணவும் அடுக்கவும் கொடுப்பேன். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதுவும் வேண்டாம். டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எந்தப் பொருளும் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும். மூக்கில் போன பயறு ஈரத்தில் ஊறிப் பெருக்கும். குச்சியோ ஊக்கோ விட்டு நோண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பால்மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் இலைகளைத் தண்ணீரில் சில வாரம் ஊறவைத்துச் சதையை மெல்லத் தேய்த்தால் நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். வாழ்த்து அட்டைக்கு அதைவிட அழகு எதுவும் எனக்குத் தெரியாது. வாளியை மட்டும் இறுக மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் ஒரு வாரத்தில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பறக்கும்.

அரிசியை ஒட்டும் வேலையை நான் நிறுத்திவிட்டேன். ஒரு பாட்டி என்னிடம், "சோத்துல வெளையாடக் கூடாதுன்னு வீட்ல சொல்றோம், பள்ளிக்கூடத்துல பசை தடவி ஒட்டச் சொல்றீங்களேம்மா" என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம். இப்போது உமியும் காய்ந்த இலைத்தூளும் போதுமென்று இருக்கிறேன்.

பெற்றோரிடம் ஒன்று மனம்விட்டுக் கேட்கிறேன். பிள்ளையின் கைவேலையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். காகிதம் கிழிப்பது, களிமண் பிசைவது, விதையை இரண்டு விரலால் எடுத்து வைப்பது எல்லாம் பென்சில் பிடிக்கப்போகும் விரலுக்குப் பயிற்சி. கோணலாக ஒட்டிய கரும்பு அந்தப் பிள்ளையின் கரும்பு. நேராக ஒட்டியது உங்களுடையதென்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

சென்ற தவணையில் அட்டைக் குழாயைப் பால்மரமாக்கினோம். பழுப்பு வண்ணம் பூசி, வெட்டுக்கோடு வரைந்து, காகிதத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு செய்து கீழே ஒட்டினோம். கோட்டின் மேல் வெள்ளைப் பசையை விட்டால் பால் வடிகிற மாதிரியே இறங்கி மங்கில் விழும். நான் கரும்பலகையில் மாதிரிக்கு வரைந்து காட்டினேன். ஒரு பையன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான். "டீச்சர், கோடு அந்தப் பக்கம் இல்ல. இடது பக்கம் மேல இருந்து வலது பக்கம் இறங்கணும். எங்க தாத்தா அப்படித்தான் வெட்டுவாராம்."

அவன் சொன்னதுதான் சரி. பலகையை அழித்துவிட்டு சாக்கட்டியை அவனிடம் கொடுத்தேன்.