ஒளிரும் துணிக்கையும் திரிந்த சொதியும்

களுவாஞ்சிகுடியிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்கிறார்: ஒளிரும் நானோத் துணிக்கை புற்றுநோய்க் கலத்தை எப்படித் தேடிப் போகிறது?

அது தேடுவதில்லை. திரவத்தில் அலைந்து எல்லாக் கலங்களிலும் முட்டுகிறது. பொருந்தும் வாங்கி, அதாவது குறித்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் மேற்பரப்புப் புரதம், நிறைய உள்ள கலத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதற்குப் பல வேளைகளில் பயன்படுவது போலிக் அமிலம், கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் அதே விற்றமின். சில புற்றுநோய்க் கலங்கள் அதற்கான வாங்கிகளை மிகையாக வைத்திருக்கின்றன.

ஒளிர்வது கட்மியம் செலனைட்டுப் பளிங்கு. சுமார் 2 நானோமீற்றரில் நீலம், 6இல் சிவப்பு. 2023இன் இரசாயனவியல் நோபல் பரிசு இத்தகைய பளிங்குகளுக்கே. ஆனால் அதன் மேற்பரப்பு எண்ணெய்த்தன்மையானது, தண்ணீரில் நில்லாது.

அதற்குத்தான் பல்பகுதிய உறை, சிறு அலகுகள் பல கோத்த நீண்ட மூலக்கூறாலான போர்வை. தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளைப் புரதம் போர்த்தியிருப்பதால்தான் அவை தண்ணீரோடு இணங்கிக் கிடக்கின்றன. இங்கும் அப்படியே. பல்பகுதியத்தின் நீண்ட ஐதரோகாபன் கிளைகள் பளிங்கின் எண்ணெய்த் தோலுக்குள் புகுந்துகொள்ளும். காபொட்சில் முனைகள் மறை ஏற்றத்தோடு தண்ணீரைப் பார்த்து நிற்கும். ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் துணிக்கைகள் ஒட்டாமல் மிதக்கும்.

பளிங்கையும் பல்பகுதியத்தையும் குளோரோபோமில் கலந்து, அதை மெதுவாக ஆவியாக்கி, சற்றுக் காரத்தன்மையுள்ள, பிஎச் மாறாமல் காக்கும் தாங்கற் கரைசலில் எடுக்க வேண்டும். அவசரமாக ஆவியாக்கினால் கட்டியாகும். பல்பகுதியம் மிஞ்சினால் பளிங்கில்லாத வெற்றுருண்டைகள் உருவாகும். அவற்றைப் பிரித்தெடுக்காவிட்டால், போலிக் அமிலத்தை அவையும் சுமந்துபோய் வாங்கிகளை அடைத்துவிடும், ஒளி மட்டும் வராது.

சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதானே தேசிக்காய் பிழிகிறோம்? கொதிக்கும்போது பிழிந்தால் திரிந்துவிடும். அமிலம் புரதத்தின் ஏற்றத்தைத் தணித்துவிடுகிறது, சூடு மிச்சத்தைக் கெடுக்கிறது. காபொட்சில் உறையும் பிஎச் 5ஐ நெருங்கினால் திரியும். உப்புக் கூடினாலும் அதே கதி. ஆகவே உறையின் மேல் பொலிஎதிலீன் கிளைக்கோல் இழைகளைக் கட்டுகிறார்கள். அவை தண்ணீரைப் பிடித்துவைத்து, ஏற்றம் போனாலும் துணிக்கைகளை விலக்கி நிறுத்தும். போலிக் அமிலம் அந்த இழையின் நுனியில்.

பலரும் தவறுவது கல வளர்ப்பு ஊடகத்தில், அதாவது கலங்களை வளர்க்கும் சத்துக் கரைசலில். வழக்கமான ஆர்பிஎம்ஐ 1640இல் லீற்றருக்கு 1 மில்லிகிராம் போலிக் அமிலம் ஏற்கெனவே உண்டு. வாங்கிகள் நிரம்பியிருக்க, துணிக்கைக்கு இடமேது? போலிக் அமிலமற்ற ஊடகம் வேண்டும். பக்கத்துக் கிண்ணத்தில் போலிக் அமிலத்தை வேண்டுமென்றே மிகையாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒளி மங்கினால்தான் ஒட்டியது வாங்கியில் என்று நம்பலாம். இந்தச் சோதனை இல்லாத அழகான படத்தை நான் ஏற்கமாட்டேன். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் பங்கிட்டுக்கொள்ள ஒரு கல வளர்ப்புக் கூடத்துக்குச் செலவழித்தால், நம் மாணவர்கள் இதைக் கையால் செய்தே கற்பார்கள்.

4 பாகை செல்சியசில் ஒளி கலத்தின் விளிம்பிலேயே நிற்கும். 37இல் கலம் அதைச் சிறு பைகளில் விழுங்கும். அந்தப் பைகளுக்குள் பிஎச் 6, பிறகு 5. கிளைக்கோல் இழை இல்லாத துணிக்கைக்கு அங்கேதான் தேசிக்காய் விழுகிறது.