கம்பளியின் கந்தகப் பூட்டு

ஐப்பசி மழையில் ஒரு நாள், பள்ளிகொண்டா பக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் ஒதுங்கினேன். எனக்கு முன்பே ஒரு பெரியவர் அங்கே நின்றிருந்தார். கறுப்புக் கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். கண் முழுதும் ஆடுகள் மேல். என் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும். அவர் கம்பளியின் மேலோ மழைத்துளிகள் கடுகு கடுகாக உருண்டு நின்றன. "உள்ளே கையை வைத்துப் பாரு, தம்பி" என்றார். வைத்தேன். ஈரம் இல்லை. அதோடு, அடுப்படியில் கிடந்த துணிபோல வெதுவெதுப்பாக இருந்தது.

"கம்பளி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சூட்டைக் கக்கும்" என்றார் அவர்.

ஏதோ சொல்வழக்கு என்று நினைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன். பிறகு படித்துப் பார்த்தால், அந்த ஒரு வரியில் இயற்பியலும் வேதியியலும் பிசகில்லாமல் அடங்கியிருக்கின்றன.

முதலில் துளிகள் உருண்டதைப் பார்ப்போம். ஆட்டு மயிர் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால், ஓட்டு வீட்டின் கூரை தெரியும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய செதில்கள். எல்லாமே வேரிலிருந்து நுனி நோக்கிச் சரிந்தவை. ஒவ்வொரு செதிலின் மேலும் கொழுப்பு அமிலத்தால் ஆன மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறது. சும்மா பூசிய எண்ணெய் என்றால் நாலு சலவையில் போய்விடும். இது மயிரோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டது. அதனால் நீர்த்துளி பரவ இடம் கிடைக்காமல் உருள்கிறது. கையால் நெய்யும் கம்பளிக்குப் பாவு நூலில் புளியங்கொட்டைப் பசை ஏற்றுவார்கள். இழைகள் ஒன்றோடொன்று இறுகி, நெசவின் இடைவெளி அடைபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். விடாமல் அடித்த பெருமழையில் கம்பளியும் நனையும், கல்லாகக் கனக்கும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும்.

துளியை விரட்டும் அதே மயிர், நீராவியை மட்டும் தாராளமாக உள்ளே விடுகிறது. செதில்களுக்கு அடியில் இருப்பது கெரட்டின் என்னும் புரதம். அதன் மூலக்கூறுகளில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் ஏராளம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஆவியாக அலைந்த தண்ணீர் கெரட்டினில் ஒட்டி அடங்கும்போது, அலைச்சலுக்கு உதவிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிடுகிறது. நன்கு உலர்ந்த ஒரு கிலோ கம்பளியை ஈரம் நிறைந்த காற்றில் வைத்தால், அது நிறைவு பெறுவதற்குள் சுமார் 960 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். மூன்று லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இவ்வளவு போதும். பெரியவர் சொன்ன 'கக்கும் சூடு' இதுதான். வெயில் வந்ததும் கணக்கு தலைகீழாகும்: ஈரம் ஆவியாகி வெளியேறும்போது வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்லும். வேலூர் வெயிலில் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடு மேய்ப்பவரைப் பார்த்து நாம் வியக்கிறோம். காலைப் பனியில் குடித்த ஈரத்தை அது பகலில் விட்டுக்கொண்டிருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் அவர் மேய்த்த ஆடுகளின் உடம்பில் கம்பளியே இல்லை. கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தைக்குப் போனாலும் இதையே பார்க்கலாம். பெரும்பாலும் சிவந்த, குட்டை மயிர் ஆடுகள். 'சென்னைச் சிவப்பு' என்று கால்நடைத் துறை பெயர் வைத்திருக்கும் இனம். செம்மறி என்ற சொல்லே சிவந்த மறி என்று பிரியும். மறி என்றால் குட்டி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் செம்மறிகள் சுமார் 45 லட்சம். அவற்றில் பெரும்பகுதி இப்படிக் கறிக்கும் தோலுக்கும் வளர்ப்பவை. போர்வைக்கு மயிர் தருபவை தக்காணத்துக் கறுப்பு ஆடும், நம் திருச்சிக் கறுப்பும். மெல்லிய கம்பளி வேண்டும் என்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்களோடு கலந்து உருவான ஆடு அங்கே இருக்கிறது.

இந்த வேறுபாடு தோலுக்குள் தொடங்குகிறது. ஆட்டின் தோலில் இரண்டு வகை மயிர்க்கால்கள் உண்டு. தாய் வயிற்றில் முதலில் தோன்றுபவை பெரியவை. வியர்வைச் சுரப்பியும் சிறு தசையும் அவற்றோடு சேர்ந்திருக்கும். அவற்றில் முளைப்பது விறைப்பான மயிர். பிறகு தோன்றுபவை சிறியவை; அவற்றில்தான் மெல்லிய சுருள் கம்பளி முளைக்கும். மெரினோ ஆட்டில் ஒரு பெரிய மயிர்க்காலுக்கு ஏறக்குறைய இருபது சிறியவை. முரட்டு மயிர் ஆடுகளில் இந்தச் சிறியவை மூன்று நான்கைத் தாண்டினாலே அதிகம். மெரினோ இழையின் தடிமன் 20 மைக்ரான் அளவில் இருக்கும்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 மைக்ரானைத் தாண்டினால் இழையின் நுனி வளையாமல் தோலைக் குத்தும். நாட்டுக் கம்பளி உடம்பை அரிப்பது இதனால்தான். அது ஒவ்வாமை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வெறும் குத்தல்தான்.

வட ஆற்காட்டுக்காரனாக நான் நெஞ்சோடு வைத்திருக்கும் செய்தி ஒன்று இங்கே உண்டு. கம்பளி அடர்ந்த ஆட்டின் தோலில் மயிர்க்கால்களும் கொழுப்பும் நெருங்கிக் கிடப்பதால், மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் இறுக ஒட்டாது. பதனிட்டால் தோல் தொளதொளக்கும். மயிர் குறைந்த ஆட்டின் தோலோ கட்டுக்கோப்பானது. இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பதனிட்ட செம்மறித் தோல் பேர் வாங்கியதில், நம் ஆட்டுக்குக் கம்பளி இல்லாததற்கும் பங்கு இருக்கிறது.

ராணிப்பேட்டை, மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுச் சமவெளியில் தோல் வேலை நடக்கும் ஊர்களில், மயிரின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. உப்புக் கட்டி வந்த தோலை ஊறவைத்து, சதைப் பக்கத்தில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழம்பைப் பூசி, மடித்து அடுக்கி வைப்பார்கள். மறுநாள் மயிர் கையோடு வரும். அதே குழம்பில் தோலை முழுவதுமாக மூழ்க வைத்தால், மயிர் பிரிந்து வராது. கஞ்சிபோலக் கரைந்தே போய்விடும். மழையும் வெயிலும் ஆண்டுக்கணக்கில் அசைக்க முடியாத கம்பளியை இது சில மணி நேரத்தில் எப்படிக் கரைக்கிறது?

விடை கந்தகத்தில் இருக்கிறது. கெரட்டின் இழைகள் சுருள்வில் போன்றவை. அந்தச் சுருள்களை ஒன்றோடொன்று பூட்டி வைப்பவை, இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்த பிணைப்புகள். கம்பளியின் எடையில் மூன்று நான்கு சதவீதம் கந்தகம்தான். மயிரைக் கொளுத்தினால் வரும் நாற்றத்துக்கு அதுவும் காரணம். இழுத்தால் சுருள் நீள்கிறது. விட்டால் கந்தகப் பூட்டுகள் பழைய இடத்துக்கே இழுத்து வருகின்றன. கசக்கிய கம்பளி தானாக விரிவதும் இதனால்தான். 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி என்ற இயற்பியலாளர், இழுத்த கம்பளியையும் இழுக்காத கம்பளியையும் எக்ஸ் கதிரில் படம் பிடித்தார். இரண்டும் இரு வேறு படங்களாக வந்தன. புரதத்துக்கு ஒரு வடிவம் உண்டு, அது மாறவும் கூடும் என்று உலகம் கண்டுகொள்ள உதவிய பொருள்களில் ஒன்று இந்த ஆட்டு மயிர்.

சல்பைடு அந்தக் கந்தகக் கைகளைப் பிரித்துவிடுகிறது. பூட்டு திறந்த சுருள்களைச் சுண்ணாம்பின் காரம் கரைத்துவிடுகிறது. சதைப் பக்கம் மட்டும் பூசும்போது, இன்னும் இறுகாத இளம் வேர்ப்பகுதிதான் முதலில் சிதைகிறது. மேலே இருக்கும் மயிர் தப்பிக்கிறது. அப்படித் தப்பிய மயிர் கம்பள நூலுக்கும், நெய்யாமல் அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணிக்கும் ஆகும். கரைந்த மயிர் கழிவுநீரோடு போய்ச் சுமையாகும். அந்தக் கழிவில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். மூச்சை நிறுத்தும் வாயு அது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போய், வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்தது. அந்த ஆற்றின் ஊற்றுநீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு மயிர் கரைவது வெறும் வேதியியல் பாடம் அல்ல. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நொதிகளால் மயிர் நீக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. நொதி, வேரைச் சுற்றியுள்ள புரதத்தைத் தளர்த்தும். கந்தகப் பூட்டுப் போட்ட மயிரை அதனால் தொட முடியாது. மயிர் முழுசாகக் கையில் கிடைக்கும், ஆற்றுக்கும் சுமை குறையும். இந்த வழி எல்லாத் தொட்டிகளுக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் பூட்டின் சாவி வேறு இருவரிடமும் இருக்கிறது. ஒருவர் அழகு நிலையத்தில் முடியை நேராக்குபவர். அவர் தடவும் பசை கந்தகக் கைகளைப் பிரிக்கிறது, பிறகு வேறொரு திரவம் புதிய நிலையில் மறுபடி கோக்கிறது. இன்னொருவர் கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு. ஆட்டு மயிரை மாடும் செரிக்காது, மனிதனும் செரிக்க மாட்டான். இந்தப் புழுவின் குடலுக்குள்ளோ காரமும், கந்தகப் பிணைப்பை உடைக்கும் சூழலும் சேர்ந்திருக்கின்றன. ராணிப்பேட்டைச் சுண்ணாம்புத் தொட்டியில் நடப்பதை ஒரு நெல்மணி அளவு உயிர் தன் வயிற்றுக்குள் நடத்திக்கொள்கிறது.

என் தாத்தாவின் கம்பளி இப்போது டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஓரத்தில் மிளகளவு ஓட்டைகள், புழுவின் வேலை. 50 டிகிரி வெப்பத்தைப் புழுவும் முட்டையும் தாங்குவதில்லை. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளத்தில் கறுப்புக் கம்பளியை விரித்தால், அந்தச் சூட்டை அது மதியத்துக்குள் எளிதில் தாண்டிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை நன்றாக உதறி, இரு புறமும் திருப்பிப் போட்டு எடுத்து வைக்கிறேன். ஓட்டைகள் அதற்குப் பிறகு பெருகவில்லை.