98 பெரிதா, 94 பெரிதா?

போன மாதம் ஓ.பி.யில் ஒரு இளைஞர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சல் அம்மாவின் மைட்ரல் வால்வை, அதாவது இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் கதவை, சுருக்கியிருந்தது. பத்து வருடம் முன்பு பலூன் வைத்து விரித்தாயிற்று. இப்போது மறுபடி சுருங்கி, நுரையீரலில் அழுத்தம் ஏறி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வால்வை மாற்றியே ஆக வேண்டும்.

இளைஞர் மேஜையில் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று, '98% வெற்றி' என்று அச்சடித்த நோட்டீஸ். மற்றொன்று, வேறொரு மருத்துவமனையில் கேட்டபோது '94' என்று பேனாவால் எழுதிக் கொடுத்த சீட்டு. "98-க்கே போயிடலாம்ல டாக்டர்?"

நான் ஆபரேஷன் செய்பவன் இல்லை. இதயநோய் மருத்துவர் என்ற முறையில் ஆபரேஷனுக்கு அனுப்பி வைப்பவன், அப்புறம் ஆயுள் முழுக்க அவர்களைப் பார்ப்பவன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். அன்று சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டினேன்.

முதல் மருத்துவமனையில் 100 பேர். அதில் 90 பேர் வேறு சிக்கல் இல்லாதவர்கள், எல்லோரும் பிழைத்தார்கள். 10 பேர் கடினமான நிலையில் வந்தவர்கள். 2 பேர் இறந்தார்கள். மொத்தத்தில் 98%. இரண்டாவது இடத்திலும் 100 பேர். எளிய நிலையில் 40 பேர், எல்லோரும் பிழைத்தார்கள். கடினமான நிலையில் 60 பேர், 6 பேர் இறந்தார்கள். மொத்தத்தில் 94%. சரி, அம்மா எந்த வரிசையில் இருக்கிறார்? கடினமான வரிசையில். அந்த வரிசையில் முதல் இடத்தில் ஐந்தில் ஒருவர் இறக்கிறார், இரண்டாவது இடத்தில் பத்தில் ஒருவர். இளைஞர் அந்தச் சீட்டைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வரிசையைக் கணக்கில் சேர்க்கத்தான் 1999-இல் ஐரோப்பாவில் யூரோஸ்கோர் என்ற அளவுகோல் வந்தது. வயது, சிறுநீரகம், நுரையீரல் அழுத்தம், முன்பு நெஞ்சைத் திறந்திருக்கிறார்களா, அவசர ஆபரேஷனா என்பதையெல்லாம் வைத்து ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து என்று மதிப்பிடுவார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் இறந்தார்களா, குறைவாகவா என்று பார்த்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. அதற்கும் முன்பே நியூயார்க் மாநிலம், இதே மாதிரி நோயாளிகளின் ஆபத்தையும் கணக்கில் சேர்த்த இறப்பு விவரங்களை முதலில் பைபாஸ் ஆபரேஷனுக்கு மருத்துவமனை வாரியாக வெளியிட்டது. ஒரு பத்திரிகை வழக்குப் போட்டு வென்ற பிறகு, 1991-இல் அறுவை மருத்துவர் வாரியாகவும் வெளிவந்தது. தங்கள் எண் கெட்டுவிடுமோ என்று மோசமான நோயாளிகளைச் சிலர் தவிர்க்கிறார்கள் என்ற புகாரும் கூடவே எழுந்தது. அந்தப் புகாரில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனாலும் மறைத்து வைப்பதன் விலை அதைவிடப் பெரிது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் குழந்தைகள் இதய ஆபரேஷனில் இறப்பு அதிகம் என்று ஒரு மயக்க மருத்துவர் பல வருடம் எச்சரித்தும் யாரும் காது கொடுக்கவில்லை. விசாரணை அறிக்கை 2001-இல்தான் வந்தது.

நம் ஊரில் கேட்க வேண்டிய இன்னொன்று, எந்த நாள் வரைக்கும் எண்ணுகிறீர்கள் என்பது. 30 நாள் வரையா, டிஸ்சார்ஜ் ஆகும் வரையா? ராத்திரி 2 மணிக்கு ஐ.சி.யூ. வாசலில், "இனி ஊருக்கே கொண்டு போயிடுறோம்" என்று கையெழுத்துப் போட்டு, மூச்சு கொடுக்கும் அம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் வரை மட்டும் எண்ணும் இடத்தில் அந்த உயிர் இறப்புக் கணக்கில் வராது.

எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்பதும் முக்கியம். 20 பேரில் ஒருவரும் இறக்கவில்லை என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் பத்தில் ஒருவர் இறக்கும் இடத்திலும் அடுத்தடுத்து 20 பேர் பிழைத்துவிட 12% வாய்ப்பு உண்டு.

என் மனதை அதிகம் உறுத்துவது இதற்கெல்லாம் அப்புறம் நடப்பதுதான். உலோக வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மைட்ரல் வால்வு என்றால், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் ஐ.என்.ஆர். எண் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். வெற்றிகரமாக ஆபரேஷன் முடிந்த ஒரு பெண், கூலி வேலைக்கு லீவு போட முடியாமல் எட்டு மாதம் ரத்தம் பார்க்கவே இல்லை. மாத்திரையும் விட்டுப்போயிற்று. மூச்சுத் திணறி வந்தபோது ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' என்று கேட்க வேண்டிய வால்வில் சத்தமே இல்லை, ரத்தக்கட்டி அடைத்திருந்தது. ஆபரேஷன் செய்த இடத்தின் புத்தகத்தில் அவர் இன்றும் வெற்றிதான். மாத்திரையை யார் கண்காணிப்பார்கள், எந்த நம்பருக்குப் போன் செய்யலாம் என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்த வாரம் இளைஞர் மறுபடி வந்தார். 98% சொன்ன இடத்தில், "பயப்படாதீங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றார்களாம். இன்னொரு இடத்தில் அறுவை மருத்துவர் ஃபைலைப் புரட்டி, அம்மா நிலையில் போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரை இழந்தோம் என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அங்கேதான் தேதி வாங்கியிருக்கிறார்கள்.