கூலி நோட்டில் ‘+1’

தொழிலாளர் வழக்குகள் நடத்தும் எனக்கு மேஸ்திரிகளின் கூலி நோட்டு நன்கு பழகிய ஆவணம். செங்கல் சூளையோ கட்டட வேலையோ, தம்பதியாக வேலைக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள்: கணவர் பெயர், பக்கத்தில் ‘+1’. அந்த ஒன்று அவருடைய மனைவி.

சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மண் குழைப்பது, கல் அறுப்பது, காயவைத்துத் திருப்பிப் போடுவது, அடுக்குவது என எல்லாவற்றிலும் மனைவியின் கை இருக்கிறது. வாரக் கணக்கு முடிந்து காசு போவதோ கணவர் கைக்கு. முன்பணத்தைக் கழிக்கும்போது மட்டும் இருவர் உழைப்பும் கணக்கில் ஏறிவிடும். அதில் எந்த மேஸ்திரியும் தவறியதில்லை.

இதன் விலை விபத்து நடந்த பிறகுதான் தெரியும். சாரத்திலிருந்து விழுந்த பெண்ணுக்கு இழப்பீடு கேட்டால், ‘அவர் எங்கள் தொழிலாளியே அல்ல, கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்’ என்பார்கள். கூட வேலை செய்தவர்களைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அவர்களோ நாளை அதே மேஸ்திரியிடம் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறுக்காலச் சம்பளம் உண்டு என்று தில்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்களின் பெயர்கள் மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பட்டியலில், இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

பெயர் இருந்தால் மட்டும் கூலி சமமாகிவிடாது. கலவை சுமக்கும் ஆணுக்கு ஒரு கூலி, அதே சட்டியைத் தூக்கும் சித்தாளுக்கு அதைவிடக் குறைவு. கேட்டால் ‘ஊர் வழக்கம்’ என்பார்கள். சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பெண் சுருக்கெழுத்தாளருக்குக் குறைத்துச் சம்பளம் கொடுத்த மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில், நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதெல்லாம் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் சொன்னது. ஆண், பெண் என்று கூலியில் வேறுபாடு காட்டக் கூடாது என்ற தடை 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் வழக்கில் ஒப்பிட்டுக் காட்டுவதற்கு அவளுக்கென்று தனியாக ஒரு கூலி எழுதப்பட்டிருக்க வேண்டுமே!

கட்டட வேலைக்குப் போகும் பெண்களே, கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டையை உங்கள் பெயரிலேயே எடுங்கள். 18 முதல் 60 வயதுக்குள், கடந்த 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம். கூலியை உங்கள் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். முன்பணம் பேசும் அன்றே தனிப் பெயரைக் கேளுங்கள், கடன் சீட்டில் அல்ல, வருகை நோட்டில். ஆள் தேடும் நேரத்தில் மேஸ்திரி இறங்கி வருவார். வேலை பாதி முடிந்தபின் கேட்டால் காது கொடுக்க மாட்டார்.