வாரத்துக்கு ஒன்று என்றால் வாரத்துக்கு ஒன்றுதான்

போன வாரம் தக்கலைப் பக்கத்திலிருந்து 63 வயது அம்மா ஒருவரை மகன் தூக்காத குறையாகக் கூட்டி வந்தார். நான்கு நாளாக வாந்தி, பத்து நாளாக மலச்சிக்கல், குடிக்கக் குடிக்கத் தாகம், ராத்திரியில் ஐந்தாறு தடவை சிறுநீர். அதெல்லாம்கூட மகனைப் பயமுறுத்தவில்லை. “நேத்து பேரனைப் பார்த்து நீ யாருலேன்னு கேக்கா டாக்டரே. வாதம் கீதம் வந்திருக்குமோ?” என்றார்.

கை கால் பலம் சரியாகவே இருந்தது. ரத்தத்தில் கால்சியம் 13.9. அது 10.5-ஐத் தாண்டக் கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறி 2.6. கால்சியம் இப்படி ஏறிக் கிடந்தால் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பியையும் புற்றுநோயையும்தான் முதலில் தேட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதெல்லாம் நான் அதற்கும் முன்னால் ஒன்று கேட்டுவிடுகிறேன்: “பால்ல கலக்கிக் குடிக்கிற பவுடர் ஏதாவது எடுத்தீங்களா?”

எடுத்திருக்கிறார். தினமும், இரண்டு மாதமாக. முட்டுவலிக்குக் காட்டப்போன இடத்தில் வாரம் ஒன்று வீதம் எட்டு பாக்கெட் விட்டமின் டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எட்டும் எட்டே நாளில் தீர்ந்துவிட்டது. வலி குறைந்த மாதிரி இருந்ததாம். அப்புறம் காலிப் பாக்கெட்டை மருந்துக்கடையில் காட்டிக் காட்டி வாங்கியிருக்கிறார். கடையில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. “தினம் ஒண்ணு குடிச்சா சீக்கிரம் சொகமாவும்லா, அதான்.” கூடவே காலையும் மாலையும் கால்சியம் மாத்திரை. இந்த வருடம் எனக்கு இது மூன்றாவது கேஸ்.

ஒரு பாக்கெட்டில் இருப்பது 60,000 யூனிட் விட்டமின் டி. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-இல் வகுத்த அளவு 600 யூனிட். அதாவது ஒரு பாக்கெட் நூறு நாள் படி. உண்மையாகவே குறைபாடு உள்ளவருக்கு, காலியான பத்தாயத்தை நிரப்புவதற்காக, எட்டு வாரம் அப்படிக் கொடுக்கிறோம். இந்த அம்மாவுக்கு உள்ளே போனது ஏறக்குறைய 36 லட்சம் யூனிட்.

“விட்டமின்தானே டாக்டர், மிஞ்சினா மூத்திரத்துல போயிராதா?” இதைக் கேட்பவர்கள் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள் என்று நினைக்காதீர்கள். போன முறை கேட்டவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. பி காம்ப்ளக்ஸ் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, அதைக் கண்ணால் பார்க்கிறோம். பி, சி இரண்டும் நீரில் கரைபவை, மிச்சம் வெளியேறிவிடும். டி கொழுப்பில் கரைவது. தேங்காய் எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், போகிறதா? டி உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கும். இன்றைக்கு நிறுத்தினாலும் ரத்தத்தில் அதன் அளவு இறங்க மாதக்கணக்கில் ஆகும். ஒருவிதத்தில் அது ஹார்மோன் மாதிரி. குடலைப் பார்த்து “இன்னும் கால்சியத்தை உறிஞ்சு” என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய கால்சியம் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தைக் கெடுத்து, மூளையையும் குழப்பிவிடும். மாத்திரையை நிறுத்துவதோடு வேலை முடியாது. இந்த அம்மாவுக்குச் சலைன் பாட்டில், ஸ்டீராய்டு எல்லாம் தேவைப்பட்டன. ஒன்பது நாள் ஆயிற்று.

வெயில் இந்தத் தவறைச் செய்யாது. தோலில் போதுமான அளவு டி உருவானதும் மிஞ்சியதை வெயிலே உதவாத பொருளாக மாற்றிவிடும். ஆனால் எந்த வெயில்? நம்மூரில் எண்ணெய் தேய்த்த பிள்ளையை இளவெயிலில் காட்டுவார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் உதயம் பார்த்துவிட்டு “விட்டமின் டி கிடைச்சாச்சு” என்று போகிறவர்களும் உண்டு. சூரியன் தாழ இருக்கும்போது தேவையான புற ஊதாக் கதிர் காற்றிலேயே வடிந்துவிடும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் உதவும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அதுவும் கிடைக்காது. கைக்குழந்தையை அந்த வெயிலில் போடவும் கூடாது. அதற்குத்தான் முதல் வருடம் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து. ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள புட்டியும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. லேபிளைப் படியுங்கள், தயவுசெய்து.

எட்டு டிகிரி அட்சரேகையில், வருடம் முழுக்க வெயில் காயும் மாவட்டத்தில் குறைபாடா என்றால், ஆம், இருக்கிறது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், பகல் முழுக்கக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்கள், விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் வெட்டப் போய் மர நிழலிலேயே வேலை முடித்து வருகிறவர்கள், கட்டிலை விட்டு இறங்காத முதியவர்கள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கடும் குறைபாட்டில் பிள்ளைகளுக்குக் கால் வளையும், பெரியவர்களுக்கு எலும்பெல்லாம் வலித்து, குத்தவைத்தால் எழ முடியாமல் போகும். அவர்களுக்கு அதே பாக்கெட் அருமையான மருந்து. சாளை, அயிலை மீன்கள், முட்டை மஞ்சள்கரு ஓரளவு உதவும்.

ஆனால் அது சகல நோய் நிவாரணி இல்லை. கொரோனாவுக்கு அப்புறம்தான் இந்த மோகம் இப்படி ஏறியது. அமெரிக்காவில் 25,871 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் தினம் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு டி இல்லாத போலி மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. ஆரோக்கியமாக இருக்கும் எல்லோருக்கும் ரத்தத்தில் டி அளவு பார்க்க வேண்டாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2024-இல் சொல்லிவிட்டது. ஹெல்த் செக்கப் பேக்கேஜில் மட்டும் இன்னும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் பேரிலும் குற்றம் உண்டு. அவசரத்தில் கிறுக்கிவிட்டு, எப்படிக் குடிக்க வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்வதில்லை.

என் நோயாளிகளுக்குச் சீட்டில் கிழமையையே எழுதிவிடுகிறேன். கோவிலுக்குப் போகிறவர் என்றால் வெள்ளி, சர்ச்சுக்குப் போகிறவர் என்றால் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டோடு. எண்ணிக்கை முடிந்தால் நிறுத்துங்கள், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். கல்ஃபிலிருந்து மருமகன் அனுப்பிய புட்டியையும் எடுத்து வந்து காட்டுங்கள். கிட்னிக் கல், டிபி, இதயத்துக்கான டிகாக்சின் மாத்திரை, பிரஷருக்கு நீர் மாத்திரை, இதில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள். டி எடுக்கும் நாட்களில் வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் மூன்றும் சேர்ந்து வந்தால் கேஸ் ட்ரபிள் என்று சொல்லி ஜெலுசில் குடித்துக்கொண்டிருக்காமல் ரத்தத்தில் கால்சியம் பாருங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று மகன் வீட்டிலிருந்து ஒரு பை கொண்டு வந்தார். உள்ளே இன்னும் பதினொரு பாக்கெட். “பக்கத்து வீட்டுச் சித்திக்கும் முட்டுவலிதான். குடுத்திரட்டா டாக்டரே?” பையை வாங்கி என் மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.